இருநூற்றுப் பன்னிரண்டாம் கம்பம்

ஏப்ரலில் எங்களுக்கு இலை சிவக்கும்.
லெங்கா மரங்கள் சரிவின் உச்சியில் பற்றிக்கொண்டு
மெல்லக் கீழிறங்கும்,
ஏரிக்கரையை எட்டப் பத்து நாள்.
அந்தப் பத்து நாளும்
மின்வாரிய வண்டியின் முன்பலகையில்
கையுறைக்கும் குறட்டுக்கும் நடுவே
என் கேமரா கிடக்கும்.

ரோசாமெல் ஓட்டுவான்.
"நிறுத்து" என்றால்
கம்பி அறுந்ததோ என்று அண்ணாந்து பார்ப்பான்.
"இல்லை, மேகம்" என்பேன்.
மாத்தேக் குடுவையைக் கையிலெடுத்து
உறிஞ்ச ஆரம்பித்துவிடுவான்.
மேகத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவனுக்குத் தெரியும்.

ஞாயிறு இரவுகளில்
பெட்ரோல் பங்க் சுவரோரம் போய் நிற்பேன்.
இந்த ஊரில் சிக்னல் வந்து ஒதுங்கும் இடம் அது.
ஒரு படம் ஏற அரை மணி நேரம்,
அதற்குள் கால் விறைத்துவிடும்.
ஒரு நாய் வந்து பூட்ஸை முகர்ந்துவிட்டுப் போகும்.
பிறகு எங்கோ
யாரோ பல் துலக்கிக்கொண்டே எங்கள் ஏரியைப் பார்ப்பார்.
ஓஸ்லோவில் ஒருவர். பூசானில் ஒரு கணக்கு டீச்சர்.
இந்த நீலம் நிஜமா என்று கேட்பார்கள்.
நிஜம்தான்.
பனியாறு கல்லை மாவாக அரைத்துக் கரைத்த நீலம்.

அந்த ஒரு படத்தில் எல்லாம் கூடிவந்திருந்தது:
சிவப்பு, நீலம், சிகரத்தில் புதுப்பனி,
தூரத்தில் ஊபெர்லிந்தா வீட்டு ஜன்னலில்
மஞ்சளாய் ஒரு பொட்டு.
நடுவில் கம்பம்.
"அது மட்டும் இல்லாவிட்டால்..." என்றார் ஒருவர்.
ஆமாம் என்றார் இன்னொருவர்.
மொத்தம் பதினோரு பேர்.

நான் நட்ட கம்பம் அது.
அடியில் பாறை, குழி தோண்ட மூன்று நாள்.
என்றாலும்
கண்ணில் விழுந்த தூசி மாதிரி
எனக்கும் உறுத்தத் தொடங்கியது.
விரலால் தேய்த்தேன், போய்விட்டது.
கம்பி, பீங்கான், கறுப்பு பெயின்ட்டில்
நானே எழுதிய 212,
எல்லாம் வானமாகிவிட்டன.
தொள்ளாயிரம் இதயங்கள் வந்து விழுந்தன.
காலண்டரில் போடலாமா என்று ஒருவர் கேட்டார்.

நாலாம் நாள்தான் கவனித்தேன்.
ஜன்னலில் அந்த மஞ்சள் பொட்டு
அப்படியே எரிந்துகொண்டிருந்தது,
எங்கிருந்தும் வராத கரண்டில்.
தொள்ளாயிரம் பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
பதினெட்டு வருஷம் லைன்மேன் வேலை பார்க்கும்
(பெண்ணுக்கும் அதே பெயர்தான்)
எனக்கே நாலு நாள் ஆயிற்று.

ரோசாமெலிடம் காட்டினேன்.
"பில் யாருக்குப் போகும் நெல்டா?" என்றான்.

மே மாதம் காற்று வந்தது.
காற்றுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை,
வந்து போகிறவர்களுக்குத்தானே அறிமுகம் வேண்டும்.
விடிந்ததும் போய்ப் பார்த்தால்
இடுப்பொடிந்து கிடக்கிறது 212.
மலை, ஏரி, மொட்டை மரங்கள்,
குறுக்கே ஒரு கோடுகூட இல்லை.
நான் உலகத்துக்குக் காட்டிய படம்
ஒரு மாதம் தாமதமாக நடந்திருந்தது.
நான் விட்டுவிட்ட ஜன்னலை மட்டும்
காற்று திருத்தியிருந்தது.

ஊபெர்லிந்தா வேலியோரம் நின்றாள்.
வணக்கம் கிணக்கம் ஒன்றுமில்லை.
"ஃப்ரீஸரில் அரை ஆடு இருக்கிறது."

பாதி மழை, பாதி பனி.
பழைய குழியிலேயே புதுக் கம்பம் இறங்க
மதியம் மூன்றாகிவிட்டது.
ஏறினேன்.
உச்சியிலிருந்து ஏரி அன்று நீலமே இல்லை,
கழுவாத ஈயப் பாத்திரம்.
ஆனாலும் வடகரையில் ஒரு வெளிச்சம்
மேகத்தின் அடிவயிற்றைக் கீறிக்கொண்டு நகர்ந்தது.
கேமரா கீழே, வண்டியில்.

கடைசி முடிச்சை இறுக்கிக் கை காட்டினேன்.
ஜன்னல் மஞ்சளானது.
அணைந்தது.
மறுபடி மஞ்சள். மறுபடி இருட்டு.
"நம்பிக்கையில்லாமல் சோதிக்கிறாளா?"
கீழிருந்து கத்தினான் ரோசாமெல். "இறங்கு, குளிருது!"

நான் இறங்கவில்லை.
இன்னொரு முறை போடுவாளா என்று
பெல்ட்டில் சாய்ந்துகொண்டு
அங்கேயே நின்றேன்.